செவலை போன பிறகு: தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாயின் இழப்பு பற்றி

கேள்வி சுருக்கமாக: ஆறு வருடத்துக்கு முன் தாம்பரம் பக்கம் வண்டியில் அடிபட்டுக் கிடந்த பெண் நாயை எடுத்து வந்து வளர்த்தோம். பெயர் செவலை. அப்போது ஒரு வயது என்று மருத்துவர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். போன மாதம் சாப்பாட்டை நிறுத்தியது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 9.2. எட்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் இறங்கவில்லை. கடைசியில் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பினோம். ஊசி போட்ட பிறகும் இரண்டு முறை மூச்சை இழுத்தது, அது கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் இரண்டரை அடி ஆழத்தில் புதைத்தோம். மூன்று வாரம் ஆகிறது. இன்னொரு நாய் கருப்பி வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. முன்பே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? ஊசியில் அவசரப்பட்டுவிட்டோமா? வேறு நாய் எடுக்கலாமா? வெளியில் சொன்னால் ‘நாய்தானே’ என்கிறார்கள்.

பதில்:

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது. ஒன்று துக்கம், இன்னொன்று விடை தெரியாத மருத்துவக் கேள்விகள். துக்கத்துக்கு யாரும் விடை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். அதற்கு விடை உண்டு. அதை முதலில் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவோம்.

முதலில் அந்த மூச்சு. ஊசி என்பது மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு மேல் ரத்தக் குழாயில் செலுத்துவது. தியோபென்டோன், பென்டோபார்பிட்டால் வகை மருந்துகள் அவை. மருந்து ஏறியதும் முதலில் நிற்பது மூளையின் மேல்பகுதி. வலி, பயம், அடையாளம் தெரிவது எல்லாம் அங்கேதான். சில நொடிகளில் அது அணைந்துவிடும். அதற்குப் பிறகு மூச்சு நிற்கும், கடைசியில் இதயம். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் வரை மூளைத்தண்டிலிருந்து மிச்சமிருக்கும் தூண்டுதல் உதரவிதானத்தைச் சுண்டி இழுக்கும். வாய் திறந்து பெரிதாக ஒரு இழுப்பு, சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. பார்க்கிறவருக்கு ‘உயிர் இருக்கிறதே’ என்று அடிவயிறு கலங்கும். அப்போது செவலை அங்கே இல்லை. தசை துடிப்பது, சிறுநீர் போவது, கண் திறந்தே இருப்பது எல்லாம் இதே கணக்கு. ஊசி போடும் முன்பே இப்படி ஆகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். பல பேர் சொல்வதில்லை. சொல்லாத அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ வீடுகளில் மாதக்கணக்கில் தூக்கம் போகிறது.

அடுத்தது, முன்பே கவனித்திருந்தால் என்ற கேள்வி. சிறுநீரகம் சத்தம் போடாமல் கெட்டுப்போகும் உறுப்பு. இரண்டு சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் இயல்பைத் தாண்டும். அதாவது எண் ஏறும்போதே மிச்சம் இருப்பது கால்வாசி. நாய்களின் சிறுநீரகநோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள். கிரியாட்டினின் 5க்கு மேல் போனால் அது நான்காவது, கடைசிக் கட்டம். செவலைக்கு முதல் பரிசோதனையிலேயே 9.2. டிரிப்ஸ் என்ன செய்யும் என்றால், உடம்பின் நீர்ச்சத்தைச் சரிசெய்து, சேர்ந்திருக்கும் கழிவைக் கொஞ்சம் கழுவி விடும். தண்ணீர் வற்றியதால் மட்டும் எண் ஏறியிருந்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கியிருக்கும். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல், சுருக்கமாக லெப்டோ) மாதிரி திடீர்த் தாக்குதலாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்து சில நாய்கள் மீளும். எட்டு நாள் ஏற்றியும் அசையவில்லை என்றால் கழுவுவதற்கு உறுப்பே மிஞ்சவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

இதற்கு முன் வீட்டில் தெரியக்கூடிய முக்கிய அடையாளம் ஒன்று. அதிகம் தண்ணீர் குடிப்பது, அதற்கேற்ப அதிகம் சிறுநீர் போவது. சென்னை வெயிலில் நாய் தண்ணீர் குடிப்பதை யார் வித்தியாசமாக நினைப்பார்கள்? அதுவும் பொதுக் கிண்ணத்தில் இரண்டு நாய் குடிக்கும் வீட்டில்? கண்டுபிடிக்க வழி ஆண்டுக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்பதுதான். சிறுநீரின் அடர்த்தி குறைவது கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே தெரியும். நம் ஊரில் நன்றாக ஓடியாடும் நாய்க்கு அந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பவர்களே குறைவு. அப்படிக் கண்டுபிடித்திருந்தாலும் பாஸ்பரஸ் குறைந்த உணவு, ரத்த அழுத்த மாத்திரை, தோலுக்கடியில் திரவம் என்று மாதங்களை, சில நாய்களுக்கு ஓரிரு வருடங்களைக் கூட்டியிருக்கலாம். குணமாக்கியிருக்க முடியாது. ‘காப்பாற்றியிருக்கலாமா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது: தள்ளிப் போட்டிருக்கலாம், அதற்கும் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

தெருவிலிருந்து வந்த நாய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் பழைய கணக்கு உங்கள் கையில் இல்லை. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் சிறுநீரக வடிகட்டிகளை மெல்ல அரிக்கவும் செய்யும். மழைக்காலத் தேங்கு நீரில் வரும் லெப்டோ தானாக ஆறி, சிறுநீரகத்தில் தழும்பை மட்டும் விட்டுப் போவதும் உண்டு. செவலையின் சிறுநீரகம் எப்போது பழுதாகத் தொடங்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த நாளுக்கு முன்பேகூட இருக்கலாம்.

வயதும் அப்படித்தான். ‘ஏழு வயதுதானே’ என்று அடித்துக்கொள்ளும்போது அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பால் பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் வரை, அதாவது ஆறேழு மாதம் வரை, பல்லை வைத்து வயதைச் சரியாகச் சொல்லலாம். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துச் சொல்வது உத்தேசம். கல்லையும் எலும்பையும் கடித்து வளர்ந்த தெருநாயின் பல் முன்பே தேய்ந்திருக்கும். மென்மையான சோறு சாப்பிட்டு வளர்ந்ததாக இருந்தால் பத்து வயதிலும் வெள்ளையாக இருக்கும். அட்டையில் ‘ஒரு வயது’ என்று எழுதிக் கொடுத்தது நான்காகவும் இருந்திருக்கலாம்.

எல்லாக் குற்ற உணர்வும் வீண் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். கால் வலிக்கிறது என்று மனிதருக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரை கொடுத்திருந்தால் அது நாயின் சிறுநீரகத்தை நேராகவே தாக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்து, பத்தாவது நாள் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று நிறுத்தியிருந்தால் கிருமி மிஞ்சியிருக்கும். இப்படி ஏதாவது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தால் மூடி வைக்காதீர்கள். சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் ஒரு நாள் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவரவர் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதைத் தூக்கிச் சுமக்க முடியும். தெரியாதது இருட்டில் பெருத்துக்கொண்டே போகும்.

அந்தச் சந்திப்பைப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, இப்போது போகலாம். மற்ற நோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் போகாமல் முன்கூட்டிக் கேட்டு மதிய நேரத்தில் பத்து நிமிடம் வாங்குங்கள். ரத்த அறிக்கை, ஸ்கேன் அறிக்கை நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக்கொண்டு பாதியில் திரும்பி வருவீர்கள். ‘ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கி இருந்ததா, வீங்கி இருந்ததா?’ என்று கேளுங்கள். சுருங்கி மேடுபள்ளமாக இருந்தால் பழைய நோய், வீங்கி இருந்தால் புதிய தாக்குதலாக இருக்கக்கூடும். ‘லெப்டோ சந்தேகம் இருந்ததா?’ என்பது அதைவிட முக்கியம். அது மனிதருக்கும் கருப்பிக்கும் தொற்றும். சந்தேகம் இருந்தது என்றால், செவலையின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைத்தவர்கள் காய்ச்சல், உடம்புவலி, கண் சிவப்பு வந்தால் தங்கள் மருத்துவரிடம் இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும்.

இனி ஊசி விஷயம். அவசரப்பட்டோமா என்று கேட்கிறீர்கள். கடைசிக் கட்டச் சிறுநீரகநோயில் ரத்தத்தில் யூரியா ஏறி ஓயாத குமட்டல் இருக்கும், வாயிலும் நாக்கு ஓரத்திலும் புண் வரும். வெறும் தயிர்சாதத்தைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும். அதை ‘என் மேல் கோபம்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கோபம் இல்லை, வாய் எரிகிறது. மூலையில், கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பதும் உங்களை வெறுத்து அல்ல. உடம்பு முடியாத விலங்கு அமைதியான, குளிர்ந்த இடத்தைத் தேடும், அவ்வளவுதான்.

பின்னோக்கிப் பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004இல் முன்வைத்தது. வலி, சாப்பாடு, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் வாழ்க்கை தாங்கும்படி இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு காகிதத்தில் செவலையின் கடைசி ஏழு நாளுக்கு, நாளுக்கு ஒரு வரியாக, மனசாட்சிப்படி மதிப்பெண் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் 35ஐத் தொடும் நாள் வருவது கடினம். ஊசியைப் பற்றிப் பேசும் மருத்துவர்களிடம் பொதுவாகக் கேட்கும் பேச்சு, ‘ஒரு வாரம் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கலாம்’ என்று வருந்துபவர்கள்தான் அதிகம் என்பது.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு நாய் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர்களுக்காக ஒரு பத்தி. ஊசி போடுவது என்று முடிவானால், முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி, நாய் தூங்கிய பிறகு நரம்பு ஊசி என்று இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். மற்ற நாய் இருந்தால் முடிந்த பிறகு அதை உடலருகே விட்டு முகர விடுங்கள். இறந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், நம் வெக்கையில் இன்னும் சீக்கிரம். அதற்கு முன் கால்களை மடக்கி, உறங்கும் வாக்கில் படுக்க வைத்துவிடுங்கள். பாத அச்சு வேண்டுமானால் அப்போதே எடுக்க வேண்டும். விரலிடுக்கு முடியைக் கத்தரித்து, பாதத்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, ஸ்டாம்ப் பேட் மையை ஒற்றி, கெட்டியான காகிதத்துக்கு அடியில் மடித்த துண்டை வைத்து அழுத்துங்கள். தரை மேல் வைத்து அழுத்தினால் விரல் மட்டும் விழும், நடுத்திண்டு விழாது. ஏன் இறந்தது என்று தெரியாமல் இறந்திருந்தால், பிரேதப் பரிசோதனை செய்யும் எண்ணம் இருந்தால், உடலை ஐஸ் சுற்றிக் குளிர்ச்சியில் வையுங்கள். உறைய வைத்தால் திசு கெட்டு நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. வேப்பேரி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் அன்றைக்கே கொண்டுபோனால்தான் பயன். நடை தடுமாறி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, காரணமில்லாமல் கடித்து இறந்த நாய் என்றால் கதை வேறு, அது வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். புதைக்காமல் கால்நடை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கடி, கீறல், காயத்தில் எச்சில் பட்டவர்கள் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.

தகனம் செய்ய நினைப்பவர்கள், தகன மேடையில் தனியாக எரிப்பார்களா, மொத்தமாகவா என்று முன்பே கேளுங்கள். மொத்தம் என்றால் அஸ்தி கிடைக்காது. தனி என்றால் 15 கிலோ நாய்க்கு ஏறத்தாழ அரை லிட்டர் கொள்ளும் பானை போதும். ஆளுயரக் கலசம் வாங்கி வைத்துவிட்டு உள்ளே கால்வாசிகூட நிரம்பவில்லையே என்று திகைத்து நிற்பவர்கள் உண்டு.

உங்கள் கொய்யா மரத்தடிக்கு வருகிறேன். இரண்டரை அடி கொஞ்சம் மேலோட்டம்தான். நான்கு அடி இருந்தால் கவலை இல்லை. அதற்காகத் தோண்டி மறுபடி புதைக்க வேண்டாம், மூன்று வாரத்தில் அந்தக் காட்சியை நீங்கள் பார்க்கக் கூடாது. மேலே இருந்தே சரிசெய்யலாம். குழியின் நான்கு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி வரும்படி கோழிக்கூண்டுக் கம்பி வலையை விரித்து, ஓரத்தை அரை அடி மண்ணுக்குள் புதையுங்கள். அதன் மேல் ஒன்றரை அடி மண் மேடு. மேட்டின் மேல் கடப்பாக் கல் ஒன்று. பெருச்சாளி, கீரி, பக்கத்து நாய் எதுவும் தோண்ட முடியாது. இது அழகுக்காகச் சொல்லவில்லை. ஊசி போட்டு இறந்த உடலில் அந்த மருந்து நெடுநாள் சிதையாமல் இருக்கும். தோண்டித் தின்ற நாயோ காக்கையோ பருந்தோ மயங்கிச் சாகும். கருப்பியை அந்தப் பக்கம் தனியாக விடாதீர்கள். கிணறோ போர்வெல்லோ ஐம்பது அடிக்குள் இருந்தால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம். வாடை வந்தால் ஃபினாயில் ஊற்றாதீர்கள், இன்னும் இரண்டு கூடை மண் போடுங்கள். வாடையை மண் உறிஞ்சும். பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் புதைத்திருந்தால் மக்க வெகுகாலம் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பருத்தித் துணி என்றால் பிரச்சினை இல்லை. உப்பும் சுண்ணாம்பும் நிறையப் போட்டால் சீக்கிரம் மக்கும் என்று சொல்வார்கள். உண்மையில் இரண்டும் மக்குவதைத் தாமதப்படுத்தும்.

கருப்பி. இத்தாலியில் 426 பேரின் வீடுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்றில், கூட இருந்த நாய் இறந்த பிறகு மிச்சமிருந்த நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஒட்டிக்கொண்டே திரிவது, விளையாட்டும் சாப்பாடும் குறைவது, அதிகம் தூங்குவது. அது துக்கமா, வழக்கம் கலைந்த குழப்பமா, உங்கள் முகத்தைப் படித்து வரும் பயமா என்று பிரித்துச் சொல்வது கடினம். செய்ய வேண்டியது ஒன்றுதான். சோற்று நேரம், நடை நேரம், படுக்கும் இடம் எதையும் மாற்றாதீர்கள். நடக்கும் தெருவை மட்டும் மாற்றுங்கள், புது வாடை அதற்கு வேலை கொடுக்கும். சாப்பிடவில்லை என்று கையால் ஊட்டி, கோழிக்கறி மாற்றி மாற்றி வைத்துப் பழக்கினால் ஒரே வாரத்தில் அது ‘சாப்பிடாவிட்டால் கறி வரும்’ என்று கற்றுக்கொள்ளும். கிண்ணத்தை இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். ஆனால் முழுதாக 48 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே வீட்டு உண்ணியில், ஒரே தேங்கு நீரில் வளர்ந்தவை. ரத்த அணு எண்ணிக்கை, கிரியாட்டினின், சிறுநீர் அடர்த்தி மூன்றையும் இப்போதே பாருங்கள், இனி ஆண்டுதோறும், ஏழு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. லெப்டோ தடுப்பூசி ஆண்டுதோறும் வேண்டும். உண்ணி நாய் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் அதிகம் இருக்கும், அங்கேயும் மருந்தடிக்க வேண்டும். செவலைக்காகச் செய்ய விட்டுப்போனது என்று நீங்கள் நினைக்கும் எல்லாவற்றையும் செய்ய ஒரு நாய் வாசலில் படுத்திருக்கிறது.

இப்போது உங்களைப் பற்றி.

வாசலில் நகம் தட்டும் சத்தம் கேட்கிறதா? காலை ஐந்தரைக்கு யாரோ மூக்கால் தள்ளுவது போல விழிப்பு வருகிறதா? பயப்பட வேண்டாம். ஆறு வருடம் தினமும் கேட்ட சத்தத்தை மூளை தானாகவே எதிர்பார்க்கும். நெருங்கிய மனிதர்களை இழந்தவர்களுக்கும் இது நடக்கும். காலப்போக்கில் குறையும். மூன்று நான்கு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், வேலைக்குப் போக முடியாமல், ‘நானும் போய்விடலாம்’ என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். நாய்க்காகவா என்று அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சிரிப்பவர்களைப் பற்றி. துக்கத்தை ஊர் ஒப்புக்கொள்ளாதபோது அது இரட்டிப்பாக அழுத்தும். கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989இலேயே இதற்குத் தனிப் பெயர் வைத்து எழுதினார். மனிதர் இறந்தால் பந்தல் இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது, வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார நாலு பேர் இருக்கிறார்கள். நாய் இறந்தால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம். அலுவலகத்தில் விளக்கம் சொல்லாதீர்கள், ‘சொந்த வேலை’ என்று ஒரு நாள் விடுப்பு போதும். உறவுக்காரர்களிடம் வாதாட வேண்டாம். வாதாடத்தான் வேண்டும் என்று தோன்றினால் இதைச் சொல்லுங்கள்: திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு. நாய்க்குப் பெயர் சொல்லி நினைவுக்கல் எடுப்பது புதுப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

தெருவிலிருந்து வந்த நாய்க்கு வீட்டுக்கு வெளியிலும் சொந்தம் இருக்கும். டீக்கடைக்காரர், பால்காரர், தெரு கூட்டும் அம்மா, எதிர்வீட்டுக் குழந்தை. ‘எங்க செவலையக் காணோம்?’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாக அறுபடும். ஒரே மாலையில் நீங்களே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ‘கிட்னி போயிடுச்சு, போன மாசம் போயிட்டா’ என்று ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்குத் தெரியாத செவலையின் கதை ஒன்றைச் சொல்வார். வீட்டுக்கு வருவதற்கு முந்தைய கதையாகக்கூட அது இருக்கலாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘தூங்குகிறது’, ‘ஊருக்கு அனுப்பிவிட்டோம்’ என்று சொல்லாதீர்கள். தூக்கம் என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். ஊர் என்றால் எப்போது வரும் என்று வருடக்கணக்கில் கேட்கும். ‘செத்துப்போச்சு, உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனி வராது’ என்று நேராகச் சொல்லுங்கள்.

பொருள்களில் எதையும் முதல் மாதத்தில் தூக்கிப் போடாதீர்கள், எல்லாவற்றையும் கண்முன் பரப்பியும் வைக்காதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழுவ வேண்டாம். வாடையோடு இறுக மூடும் கண்ணாடிச் சாடியில் போட்டு வையுங்கள். தேவைப்படும்போது திறந்து முகர்ந்துவிட்டு மூடலாம். திறந்து வைத்தால் சில வாரங்களில் வாடை போய்விடும். பிரிக்காத சிறுநீரக உணவுப் பை, திரவப் பாட்டில்கள் இருந்தால் காலாவதித் தேதியைப் பார்த்து உங்கள் மருத்துவரிடமே கொடுங்கள், அதே நோயோடு நாளைக்கு இன்னொரு நாய் வரும். பிரித்த மாத்திரை அட்டைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தால் நாய் இறந்ததைத் தெரிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப்பிக்கச் சொல்லி அடுத்த வருடம் ஒரு செய்தி வந்து நிற்கும். கைபேசியில் ‘இதே நாளில்’ என்று படம் காட்டும் வசதியை அணையுங்கள், அல்லது அந்த நாயின் முகத்தை மட்டும் மறைக்கும்படி மாற்றுங்கள். பிறந்தநாள் தெரியாத நாய் என்பதால் எடுத்து வந்த தேதிதான் உங்களுக்கு உறுத்தும். அன்றைக்கு என்ன செய்வது என்று முன்பே ஒரு திட்டம் இருக்கட்டும். தெருநாய்க்குச் சோறு போடுவதைவிட ஒரு பெட்டை நாயைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொடுத்து, ஆறும் வரை பார்த்துக்கொள்வது பெரிய காரியம். காரணம் சொல்கிறேன். மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதை எட்டியவை சுமார் 19 விழுக்காடு. இறந்தவற்றில் பாதிக்கு மேல் மனிதர்கள் ஏதோ ஒரு வகையில் காரணம். அடிபட்டுக் கிடந்த இடத்திலிருந்து நீங்கள் செவலையைத் தூக்கியபோது எதிலிருந்து தூக்கினீர்கள் என்பதற்கு அந்த எண் ஒரு கணக்கு.

வேறு நாய் எடுக்கலாமா என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு மூன்று வருடம். நான் கேட்கச் சொல்வது ஒன்று மட்டும்: தெருவில் செம்மண் நிறத்தில் நாய் போனால் அதில் செவலையின் முகத்தைத் தேடுகிறீர்களா? தேடுகிறீர்கள் என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. வருகிற குட்டி செவலையாக இல்லாததற்குத் தினமும் தண்டனை அனுபவிக்கும். அதே நிறத்தில் தேடி எடுக்க வேண்டாம், அதே பெயரும் வேண்டாம். மனம் இரண்டாக இருந்தால் மீட்பு அமைப்புகளிடம் சொல்லி ஒரு நாயைத் தற்காலிகமாக நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொடுக்க நேர்ந்தாலும் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. கருப்பிக்கும் அதை முதலில் வீட்டுக்குள் காட்டாமல், வெளியே தெருவில் இருவர் இரு கயிற்றோடு பக்கம் பக்கமாக நடத்திப் பழக்குங்கள். சிறுநீரகநோய் ஒட்டாது, லெப்டோ சந்தேகம் இல்லையென்றால் தடை ஒன்றும் இல்லை. பார்வோ வைரஸ் நோயில் குட்டியை இழந்த வீடு என்றால் நிலைமை வேறு. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம், ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அப்படிச் செய்தாலும் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது, தடுப்பூசி முடிந்த பெரிய நாய்தான் சரி.

கடைசியாகக் கொய்யா மரத்தடி மேடு. உடல் மக்க மக்க மண் கீழே இறங்கும், முதல் மழையில் சட்டென்று ஒரு சாண் பள்ளம் விழும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள், எல்லாக் குழியும் அப்படித்தான். ஐப்பசி பிறப்பதற்குள் நாலைந்து கூடை செம்மண் வாங்கி ஓரமாகக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். பள்ளம் விழுந்ததும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு நிரப்பி, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி, கல்லைத் திரும்ப வைத்துவிடலாம்.